ஐந்தாவது டோக்கன்

மகனே என்று ஆரம்பித்தால் நீ சிரிப்பாய். நம் வீட்டில் யாரும் அப்படிப் பேசியதில்லை. டேய் என்றே ஆரம்பிக்கிறேன்.

டேய், இதை நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். ஒரு பக்கத்துக்குக் கால் மணி நேரம் ஆகும். ஆகட்டும். இங்கிலீஷில் எனக்கு லீவு லெட்டர் எழுத வரும், மராத்தியில் சண்டை போட வரும், மனசில் இருப்பதை எழுத இது ஒன்றுதான் இருக்கிறது. இதையும் உன் தாத்தா பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லிக் கொடுத்தார். தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் போடச் சொல்லிக் கொடுக்கப் போகிறேன். உன்னைப் பற்றி நான் அதிகமாகப் பீற்றிக்கொண்டது அந்த ஆட்களிடம்தான், இதையும் அவர்களே படிக்கட்டும். அவர்களில் பாதிப் பேர் வீட்டில் பதினாறு, பதினேழு வயசுப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சென்னையிலிருந்து அம்மாவுக்குப் போன் பண்ணி, தீபாவளிக்கு வரவில்லை என்று சொன்னாய். லீவு இல்லை, டிக்கெட் கிடைக்கவில்லை என்று ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. வரவில்லை, அவ்வளவுதான். அம்மா ரிசீவரை என் பக்கம் நீட்டினாள். "நீங்களே கேளுங்க, ஏன் வரமாட்டேங்கறான்னு. அப்பன் கேட்டா சொல்லித்தானுங்க ஆகணும்?" நான் வாங்கவில்லை. என்னைக் கல் என்று நினைத்துக்கொண்டு அவள் இரண்டு நாளாகச் சரியாகப் பேசவில்லை. ஏன் வாங்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இது. உன் வாழ்க்கையில் கேட்கக் கூடாத இடத்தில் ஒரு தடவை நான் 'ஏன்' என்று கேட்டேன். அதற்கப்புறம் அந்த வார்த்தை என் வாயில் வருவதில்லை.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். உன் தாத்தா இங்கே புனேயில், கோர்படி ரயில்வே காலனியில் ஃபிட்டர். ஜோலார்பேட்டையிலிருந்து மாற்றலாகி வந்தவர். வீட்டில் அவர் பேசினால் நாங்கள் எழுந்து நிற்க வேண்டும். எனக்குப் பதினேழு வயசு, பன்னிரண்டாவது படிக்கிறேன், இங்கே அதைக் காலேஜ் என்பார்கள். காலேஜுக்குப் போவதாகக் கிளம்பி, கேம்ப் பக்கம் ஒரு ஈரானி ஹோட்டலுக்குப் பின்னால் இருந்த வீடியோ கேம் கடையில் உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் மத்தியானம் ஷெட் உடுப்போடு, கையில் கிரீஸோடு வந்து நின்றார். நான் விமான ஆட்டத்தில் அந்தக் கடையில் யாரும் அதுவரை போகாத கட்டத்தில் இருந்தேன். இரண்டு உயிர் மிச்சம். காதைப் பிடித்தார். "எழுந்திருடா நாயே" என்றார். கடையில் யாருக்கும் தமிழ் தெரியாது, ஆனால் எல்லாருக்கும் புரிந்தது. "அப்பா, ரெண்டே நிமிஷம்பா" என்றேன். அந்த இரண்டு நிமிஷத்தைக் கேட்டதற்காக ரோடு நெடுக அடி. வாசலில் திரும்பிப் பார்த்தேன். ஓட்ட ஆள் இல்லாத என் விமானம் நேராக, அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. மறுநாளிலிருந்து நான் காலேஜ் போகவில்லை. எனக்கென்று ஒரு 'முடியாது' இருக்கிறது என்று அவருக்குக் காட்ட வேண்டியிருந்தது. காட்டினேன். அந்த ஒன்றைத் தவிர அந்த வயசில் நான் வேறெதையும் செய்து முடிக்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ என்னைப் பெரிய வீரன் என்று நினைத்துக்கொள்வாய்.

அந்தக் கடையிலேயே மெஷின் துடைக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். பத்தொன்பதில் உன் அம்மாவைக் கட்டிக்கொண்டேன், இருபதில் நீ வந்தாய். நீ நடக்க ஆரம்பித்தபோது கசார்வாடியில், பழைய மும்பை ரோட்டை ஒட்டி, நான்கு செகண்ட் ஹேண்ட் மெஷின்களோடு சொந்தக் கடை போட்டேன். ஒரு பக்கம் டயர் கடை, பின்னால் வெல்டிங் பட்டறை. வாசலில் மராத்தியில் ஒரு போர்டு: யூனிஃபார்மில் வருகிறவர்களுக்கு அனுமதி இல்லை. போலீஸ்காரர் வைக்கச் சொன்ன போர்டு. பையன்கள் அதைப் படித்துவிட்டு, வாசலிலேயே சட்டையைக் கழற்றி உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டுக்கொண்டு வருவார்கள். சட்டைப்பையும் பள்ளிக்கூட முத்திரையும் உள்ளே போய்விடும், தையல் மட்டும் வெளியே தெரியும். உள்ளே நுழைந்தால் நாற்பது பேர் தையல் தெரிய நிற்பார்கள். சட்டத்துக்குச் சட்டமும் ஆயிற்று, ஆட்டத்துக்கு ஆட்டமும் ஆயிற்று.

அப்பன்மார்கள் தேடி வருவார்கள். "காய் ரே அண்ணா, மாஜா போர்கா ஆஹே கா இதே?" நம் ஊர்க்காரன் யாராயிருந்தாலும் அவர்களுக்கு அண்ணாதான். என் பையன் இங்கே இருக்கிறானா என்று கேட்பார்கள். "நாஹி ஸாஹேப், ஆஜ் ஆலா நாஹி" என்பேன், இன்றைக்கு வரவே இல்லை என்று. அதைச் சத்தமாகச் சொல்வேன். அது பையனுக்குச் சிக்னல். பின் கதவைத் திறந்துகொண்டு பட்டறை வழியாக ஓடிவிடுவான். வெல்டிங் பட்டறைக்காரர் நெருப்பை அணைத்து வழி விடுவார். பதினொரு வருஷத்தில் ஒரு பையனைக்கூட நான் அவன் அப்பன் கையில் பிடித்துக் கொடுத்ததில்லை. அதில் எனக்கு அவ்வளவு பெருமை. அவர்களில் சிலர் பத்தாவதில் ஃபெயிலாகிப் போனார்கள், அதில் என் கையும் உண்டு. அதை நினைத்து அப்போது ஒரு நாளும் தூக்கம் கெட்டதில்லை.

நீ கல்லாவுக்குக் கீழே, குளிர்பானக் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு, மெஷின்களுக்கு முதுகு காட்டிக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதுவாய். உனக்கு ஆறு வயசிருக்கும். தலையைத் தூக்காமலே, "அப்பா, நாலாம் நம்பர்ல அவன் செத்துட்டான்" என்பாய். திரும்பிப் பார்ப்பேன், செத்திருப்பான். "ரெண்டாம் நம்பர்ல பாஸ் வந்துட்டான், இவன் தாங்க மாட்டான்." தாங்க மாட்டான். சண்டை ஆட்டம் இரண்டும் உன் இடது பக்கம், விமானமும் கார் ரேஸும் வலது பக்கம். நான்கு மெஷின் ஒரே நேரத்தில் கத்தும். பெரியவர்களுக்குத் தலைவலி வரும், உனக்கு அது தனித்தனி நான்கு கதை. பெரிய பையன்கள் உன் கண்ணைக் கட்டிப் பரீட்சை வைப்பார்கள். "அண்ணா, தேரா பேட்டா தோ ராடார் ஹை" என்பார்கள், உன் பையன் ரேடார்தான் என்று. அந்தச் சத்தத்தை நினைத்தால்தான் இப்போது என்னால் உட்கார முடியவில்லை.

உனக்குப் பதின்மூன்று ஆகும்போது கடை மூடியாயிற்று. வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர், ஆட்டம் சிடியில் வந்தது. மெஷின்களைக் காயலான் கடைக்காரன் பலகை தனியாக, டியூப் தனியாக எடுத்துக்கொண்டு போனான். ஆட வருகிறவர்கள் மெஷினில் போடுகிற பித்தளை டோக்கன் மட்டும் ஒரு கோணிப்பை நிறைய மிஞ்சியது, நடுவில் கோடு போட்டது. சிஞ்ச்வட்டில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் ஸ்டோர் ஆளாகச் சேர்ந்தேன். உன் பிறந்தநாளைக்கு வேறொன்றும் தோன்றவில்லை. ஐந்து டோக்கனைத் துடைத்து உன் கையில் வைத்தேன்.

"ஒண்ணை முன்னாடி வெச்சா ஒரு 'முடியாது'. நான் சரின்னுடணும். ஏன்னு கேக்க மாட்டேன்."

"அம்மாவும் கேக்கக் கூடாதா?"

"அவளும்தான்."

"நல்லா இருக்குதுங்க" என்றாள் அம்மா. "அடங்காம இருக்கப் புள்ளைக்கு நீங்களே பர்மிட் குடுக்கறீங்களா?"

முதல் டோக்கன் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போனது. வைத்தாய், நிறுத்தினேன், அதனால்தான் இதை நீ எழுத்துக் கூட்டிப் படிக்கிறாய். இரண்டாவது, குலதெய்வத்துக்கு மொட்டை போட மாட்டேன் என்று. அம்மா மூன்று நாள் அழுதாள், நான் கேட்கவில்லை. மூன்றாவதைப் புடலங்காய்க் கூட்டுக்குச் செலவு பண்ணினாய். "பைத்தியமாடா, இதுக்குப் போயா?" என்று சிரித்தேன். "ஏன்னு கேக்கறீங்க" என்றாய். வாயை மூடிக்கொண்டேன். நான்காவதுதான் என்னைக் கவிழ்த்தது. கோயமுத்தூரில் அம்மாவின் அக்கா பெண்ணுக்குக் கல்யாணம், அந்த அக்கா வீட்டுக்காரர் என்னை ஒரு தடவை படிக்காதவன் என்று சொல்லியிருந்தார் என்பதற்காக யாரும் போகக் கூடாது என்றேன். நீ வந்து தட்டுக்குப் பக்கத்தில் டோக்கனை வைத்தாய். "இது என்னோடது இல்ல. அம்மாவோட முடியாது." அம்மா கல்யாணத்துக்குப் போனாள். உனக்கு அப்போது பதினைந்து. அன்றைக்குக் கம்பெனியில் பார்த்தவனிடமெல்லாம் சொன்னேன், என் பையனை நான் எப்படி வளர்த்திருக்கிறேன் பார் என்று.

அந்தக் கம்பெனியில்தான் எனக்குப் புத்தி கெட்டது. உன்னைவிட ஐந்தாறு வயசு மூத்த ஒரு டிப்ளமா பையன் சூப்பர்வைசராக வந்தான். நாற்காலியில் உட்கார்ந்தபடியே, "ஏ அண்ணா, வோ டப்பா இதர் லா" என்று கையைச் சொடுக்குவான். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவேன். ஒவ்வொரு தடவையும் உன் முகம் அந்தப் பெட்டிக்குப் பின்னால் தெரியும். நீயும் தூக்குவாய் என்று பயம். சங்கத்தில் ஒருவர் மராத்வாடா பக்கம் ஒரு விடுதிக் கல்லூரியைச் சொன்னார். பெயரை எழுதப் போவதில்லை. கண்டிப்பான இடம், பையன்களை இன்ஜினீயராக்கித்தான் வெளியே விடுவார்கள் என்றார். பத்தாவது முடித்ததும் சேர்த்தேன். நீ ஒன்றும் சொல்லவில்லை. முதல் வருஷமும் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்தாவது டோக்கனை ஜாமெட்ரி பாக்ஸில் போட்டு எடுத்துக்கொண்டு போனாய்.

இரண்டாவது வருஷத் தீபாவளிக்கு வந்தபோது இளைத்திருந்தாய். முட்டி இரண்டும் கறுத்துக் காய்ப்பு ஏறியிருந்தது. ஃபுட்பால் என்றாய். நம்பினேன். திரும்பிப் போக வேண்டிய அன்று மத்தியானம், நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தட்டுக்குப் பக்கத்தில் டோக்கனை வைத்தாய்.

"நான் திரும்பிப் போகலப்பா."

நான் கேட்டேன்: "ஏன்?"

நீ என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாய். நானாகவே உணர்ந்து அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ள எனக்கு நேரம் கொடுத்தாய். இப்போது யோசித்தால் அது தெரிகிறது. அப்போது திமிராகத் தெரிந்தது.

"ஏன்னு கேக்க மாட்டேன்னு சொன்னீங்க."

"அது புடலங்காய்க்குடா. இது வாழ்க்கை. காரணம் சொல்லு, யோசிக்கறேன்."

"சொல்ல முடியாதுப்பா."

"சொல்ல முடியாதுன்னா போய்த்தான் ஆகணும்."

"ஏங்க, பையன் மூஞ்சியக் கொஞ்சம் பாருங்க" என்றாள் அம்மா.

"நீ சும்மா இரு" என்றேன். அப்புறம் உன்னிடம் ஒன்று சொன்னேன், அதை எழுதக் கை வரவில்லை, எழுதிவிடுகிறேன். "மெஷினை வித்து நாலு வருஷமாச்சு. இதைக் கொண்டு போய் எங்கடா போடப்போற?" சொல்லிவிட்டுச் சிரித்தேன். நீ பையை எடுத்துக்கொண்டு வந்தாய். சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்கு நானே கூட வந்தேன். நீ இறங்கி ஓடிவிடக் கூடாது என்று பஸ் நகரும்வரை படியிலேயே நின்றேன். ஊரார் பிள்ளைகளைப் பின் கதவு வழியாக அனுப்பி வைத்தவன், என் பிள்ளையை நானே பிடித்துக் கொடுத்தேன். டோக்கன் சாப்பாட்டு மேஜையிலேயே கிடந்தது.

மார்ச்சில் பரீட்சை முடிந்து வந்தாய். கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஒரு நேரம் திரும்புவாய், ஒரு நேரம் மாட்டாய். அலட்சியம் என்று நினைத்தேன். "பெரிய மனுஷனாயிட்டியா? கூப்பிட்டா காதுல விழலையா?" என்று இரண்டு மாசம் கத்தினேன். ஒரு நாள் சோஃபாவில் உட்கார்ந்திருந்தாய், மூன்று தடவை கூப்பிட்டேன். நேராக வந்து உன் இடது காதைப் பிடித்துத் திருப்பினேன். உன் தாத்தா என்னைப் பிடித்த அதே மாதிரி. நீ கத்தவில்லை. ரேஷன் கார்டு எங்கே இருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னாய்: "அந்தக் காது கேக்காதுப்பா."

காது டாக்டர் மராத்தியில் எப்போது அடி பட்டது என்று கேட்டார். ஜனவரி என்றாய். யார் என்றார். வார்டன், படிக்கிற நேரத்தில் பேசியதற்கு ஒரு அறை என்றாய். அதற்கு முன்னால் என்றார். அதற்கு முன்னால் ஜல்லியில் முட்டி போட வைப்பார்கள், ராத்திரியானால் ரூமுக்குக் கூப்பிட்டு பெல்ட் என்றாய். எல்லாவற்றையும் அவரிடம் சொன்னாய், நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். என்னிடம் நேராக நீ இன்றுவரை சொல்லவில்லை. ஜனவரி. தீபாவளி அதற்கு முன்னால். நான் சரி என்று சொல்லியிருந்தால் ஜனவரியில் நீ கசார்வாடியில் ஏதாவது பட்டறையில் பெட்டி தூக்கிக்கொண்டு, இரண்டு காதோடு இருந்திருப்பாய்.

அந்த வார்டனை அடிக்கத்தான் போனேன். ஆபீஸில் ஒரு ஃபைலைத் திறந்து ஒரு காகிதத்தைக் காட்டினார்கள். என் மகனை ஒழுங்குபடுத்த நிர்வாகம் எடுக்கும் எந்த நடவடிக்கைக்கும் சம்மதம் என்று அச்சடித்திருந்தது. கீழே என் கையெழுத்து. அட்மிஷன் அன்று பத்துக் காகிதத்தில் ஒன்றாக நீட்டினார்கள், போட்டேன். உன் உடம்பை அடிக்க எனக்கே உரிமை இல்லை, அதை இன்னொருத்தனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். நீயும் பக்கத்தில்தான் நின்றாய் அன்று. உன்னை ஒருத்தரும் கையெழுத்துக் கேட்கவில்லை.

ஆபரேஷன் பண்ணியும் பெரிதாக ஒன்றும் தேறவில்லை. உன்னைச் சிரிக்க வைக்கலாம் என்று ஜூனா பஜாரில் ஒரு பழைய டிவி கேம் வாங்கி வந்தேன், நம் கடையில் இருந்த விமான ஆட்டம் அதில் இருந்தது. கொஞ்ச நேரம் ஆடினாய். தலையைச் சாய்த்து, வலது காதை டிவி பக்கம் வைத்துக்கொண்டு ஆடினாய். அப்புறம் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, "எல்லா சத்தமும் ஒரே பக்கத்துலேர்ந்து வருதுப்பா" என்றாய். எழுந்து போய்விட்டாய். அதை அட்டைப்பெட்டியில் போட்டு லாஃப்டில் ஏற்றினேன்.

இப்போது எனக்கு நாற்பது. இன்னும் பெட்டிதான் தூக்குகிறேன். தூக்கும்போது யோசிக்கிறேன். உனக்கு ஐந்து 'முடியாது' கொடுத்தவன் என்று எவ்வளவு பீற்றிக்கொண்டேன். ஐந்து கொடுத்தேன் என்றால், மிச்சம் எல்லாம் என்னுடையது என்றுதானே அர்த்தம்? கோணிப்பை என் கையில், நான் பார்த்து அள்ளிப் போடுவேன் என்றுதானே? உன் தாத்தா ஒன்றுமே கொடுக்கவில்லை, அதனால் நான் எடுத்துக்கொண்டேன், பின் கதவு தேடி ஓடினேன். உன்னை நான் ஓடவும் விடவில்லை. கையில் ஐந்தைக் கொடுத்து, இவன் நியாயமானவன் என்று நம்ப வைத்து, உட்கார வைத்துவிட்டேன். காரணம் சொல்ல முடிகிற விஷயத்துக்கு டோக்கன் எதற்கு? வாயைத் திறந்து சொல்லிவிட்டுப் போகலாமே. சொல்ல முடியாத ஒரு நாளைக்காகத்தான் அதை நீ ஒன்றரை வருஷம் ஜாமெட்ரி பாக்ஸில் வைத்திருந்தாய். அந்த நாளில்தான் மெஷின் இல்லை என்று சொன்னேன். சங்கத்து ஆட்களே, உங்களுக்கும்தான் சொல்கிறேன்: பிள்ளை முடியாது என்றால், காரணம் வரும்வரை காத்திருக்காதீர்கள். காரணம் வராமலே போகும்.

இந்த ஜூலையில் நீ சென்னைக்கு வேலைக்குக் கிளம்பியபோது புனே ஸ்டேஷனில் உன் இடது பக்கம் நின்றேன். தற்செயலாக நிற்கவில்லை. அந்தப் பக்கம் நீ கேட்க மாட்டாய் என்று தெரிந்துதான் நின்றேன். ரயில் ஹாரன் அடித்த நேரம் பார்த்து, "மன்னிச்சிடுடா, நான் ஏன்னு கேட்டிருக்கக் கூடாது" என்றேன். நீ என் உதடு அசைந்ததைப் பார்த்துவிட்டாய் போல. முழுசாகத் திரும்பி, வலது காதைக் கொடுத்து, "என்னப்பா?" என்றாய்.

"ஒண்ணுமில்ல. தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டியான்னு கேட்டேன்" என்றேன்.

எடுத்துக்கொண்டேன் என்றாய். ரயில் போய்விட்டது.

அந்த மேஜையில் கிடந்த டோக்கன் இத்தனை வருஷமும் அம்மாவின் கடுகு டப்பாவில் இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை, நீ போனை வைத்த பிறகு, அதை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். உனக்குத் திருப்பி அனுப்ப மாட்டேன். அது நீ செலவு பண்ணியது, நான் வாங்காமல் விட்டது. இப்போது வாங்கிக்கொண்டேன். தீபாவளிக்கு நீ வர வேண்டாம். அம்மாவை நான் சமாதானப்படுத்துகிறேன். அடுத்த தீபாவளிக்கும் முடியாது என்றால், அதற்கு டோக்கன் வேண்டாம், சும்மா சொன்னால் போதும்.

ஏன் என்று கேட்க மாட்டேன்.